கரி எரியும், சாம்பல் எரியாது

கேள்வி:

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நாலு தறி. ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கம் இன்னும் ஒன்பது தறிக்குப் பாவும் ஊடையும் கொடுத்துப் புடவை வாங்குகிறோம். தறி வேலை என் கணவருடையது, கார் ஓட்டுவது நான். 2012-இல் வாங்கிய டீசல் கார் ஒன்று பன்னிரண்டு வருஷம் உழைத்தது. ஆயில் மாற்றியதைத் தவிர அதற்கு நான் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. அதைக் கொடுத்துவிட்டு 2021 மாடல் பிஎஸ்-6 டீசல் வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தோம். எடுத்த பதினாலு மாதத்தில் மீட்டரில் ஃபில்டர் லைட் மூன்று முறை வந்துவிட்டது (போட்டோ வைத்திருக்கிறேன்). கம்ப்யூட்டர் போட்டது, கிளீன் பண்ணியது, ஆயில் மாற்றியது என்று இதுவரை 38 ஆயிரம் ரூபாய். ஒரு நாளைக்குப் பதினாலு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். காலையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பிறகு காந்தி ரோடு கடைகள், சாயப்பட்டறை, வீடு, சாயங்காலம் மறுபடி பள்ளிக்கூடம். மாதம் ஒருமுறை சென்னை. ஐயம்பேட்டைக்குக் கணவர் பைக்கில் போய்வருவார்.

மெக்கானிக் மூன்று விஷயம் சொல்கிறார். இந்தப் பக்கத்து டீசலே கலப்படமாம். "லேடீஸ் மெதுவா ஓட்டுறதால லைட் வருது மேடம்" என்கிறார். அந்த ஃபில்டரையே கழற்றி எறிந்து புரோகிராம் மாற்றிவிட்டால் ஜென்மத்துக்கும் லைட் வராதாம், 15 ஆயிரம் ஆகுமாம். பக்கத்து வீட்டுக்காரர், டேங்கில் அரை லிட்டர் மண்ணெண்ணெய் விடச் சொல்கிறார். என் தம்பி, பழைய டீசல் இன்ஜின்தான் கெட்டி, இதை விற்றுவிடு, பத்து வருஷம் ஆனால் டீசல் வண்டியை ரோட்டிலேயே விடமாட்டார்கள் என்கிறான். யார் சொல்வதை நம்புவது?

பதில்:

அம்மா, உங்கள் மெக்கானிக் சொன்ன மூன்றில் ஒன்றுதான் பாதி உண்மை. உங்களுக்குக் கோபம் வந்திருக்கக்கூடிய அந்த இரண்டாவது. அதில் 'லேடீஸ்' என்ற சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள். உங்கள் கணவரோ நானோ இதே பதினாலு கிலோமீட்டரை இதே மாதிரி ஆறு துண்டாக ஓட்டினாலும் அந்த லைட் வரத்தான் வரும்.

போட்டோவைப் பார்த்தேன். புகைக்குழாய் படத்துக்கு நடுவே புள்ளி புள்ளியாக இருக்கிறது. அது டீசல் ஃபில்டர் லைட் இல்லை. டிபிஎஃப் என்று சொல்லும் கரி வடிகட்டியின் லைட். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தால் வேறொரு படம் எரியும், அதில் சொட்டு வரைந்திருக்கும். இரண்டையும் 'ஃபில்டர் லைட்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் பட்டறையில் எத்தனையோ பேருக்குத் தேவையில்லாமல் டீசல் ஃபில்டரை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தக் கரி வடிகட்டி ஒரு பீங்கான் உருளை. உள்ளே தேன்கூடு மாதிரி நீள நீளமாகத் துளைகள். ஒரு துளை முன்பக்கம் திறந்து பின்பக்கம் அடைத்திருக்கும். அதை ஒட்டிய துளை முன்பக்கம் அடைத்துப் பின்பக்கம் திறந்திருக்கும். ஆகவே புகை, நடுச்சுவரை ஊடுருவித்தான் வெளியே போகமுடியும். காற்று போய்விடும், கரி சுவரிலேயே தங்கிவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 வந்தபோது டீசல் கார்களில் இது வந்து உட்கார்ந்தது. உங்கள் 2012 வண்டியில் இது இல்லை. அந்தக் கரியையெல்லாம் அது பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தூவிக்கொண்டே போனது. பாவு நீட்டிய தெருவிலும் தூவியிருக்கும். வண்டிக்கு நோவு தெரியவில்லை, அவ்வளவுதான்.

சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்கவேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். ஊருக்குள் ஓடும்போது புகைக்குழாய் 200, 250-ஐத் தாண்டுவதே அபூர்வம். அதனால் வண்டியின் கம்ப்யூட்டர், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைப் பார்த்துக் கரி எவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஒரு கட்டத்தில் தானே அடுப்பை மூட்டுகிறது: சிலிண்டரில் வெடிப்பு முடிந்த பிறகு இன்னும் கொஞ்சம் டீசலைப் பீச்சுகிறது. அது எரியாமல் புகையோடு போய், குழாயில் எரிந்து, சூட்டை ஏற்றுகிறது. பத்து முதல் இருபது நிமிஷம் வண்டி நிற்காமல் ஓடினால் வேலை முடியும்.

நீங்கள் எட்டாவது நிமிஷத்தில் பள்ளிக்கூட வாசலில் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள்.

அப்போது நடப்பதுதான் முக்கியம். பாதியில் நின்ற அடுப்பு, அடுத்த ஓட்டத்தில் மறுபடி முதலிலிருந்து மூட்டப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் பீச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. இப்படியே போனால் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறும்! வண்டிக்காரர்கள் பலர் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள், "இந்த வண்டி ஆயிலே குடிக்கறதில்ல சார்" என்று. டீசல் கலந்த ஆயில் தண்ணீராக இளகி, பேரிங்கையும் டர்போவையும் தேய்க்கும். லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவுக்கு அந்த மெல்லிய ஆயில் படலத்தை விட்டால் வேறு துணை இல்லை. உங்கள் பில்லில் ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றியிருப்பது இதனால்தான். அதை அந்த மெக்கானிக் உங்களிடம் சொல்லியிருக்கவேண்டும்.

இன்னொன்று உண்டு. விறகடுப்பில் கரி எரிந்துபோகும், சாம்பல் கிடக்கும். வடிகட்டியிலும் அதே கதை. கரி டீசலிலிருந்து வருவது, எரியும். சாம்பல் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலில் சேர்த்திருக்கும் உலோக மருந்துகளிலிருந்து வருவது, எத்தனை சூடு கொடுத்தாலும் எரியாது. அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலைக் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் அதன் ரகம் எழுதியிருக்கும், அந்த எழுத்தும் எண்ணும் டப்பாவிலும் இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். "எல்லாம் ஒரே ஆயில்தான்" என்று பழைய லாரி ஆயிலை ஊற்றினால், வடிகட்டியைத் துளித்துளியாக அடைக்கிறீர்கள்.

இனி கலப்படம். டீசல் என்றாலே சந்தேகப்படும் பழக்கம் நமக்கு வந்ததற்கு நியாயம் இருக்கிறது. மானிய மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருந்த காலத்தில் கலப்படம் ஒரு தொழிலாகவே நடந்தது. இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத், கலப்படம் செய்த பங்குக்கு சீல் வைத்ததற்காக 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசம் லக்கீம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பங்கில் நின்று சும்மா சந்தேகம் பேசக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த மானியம் இப்போது பெரும்பாலும் இல்லை, கலந்தால் கிடைக்கும் லாபமும் பெரிதாக இல்லை. இன்று ஏமாற்றுவது வேறு வழியில்: நெடுஞ்சாலை ஓரம் கேனிலும் டேங்கரிலும் 'பயோ டீசல்' என்று மலிவாக விற்பது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

டீசலின் தரம் குறைந்துவிட்டது என்பதும் தவறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கந்தகம் இருக்க விதியே இடம் கொடுத்தது. பத்து லட்சம் பங்கில் 10,000 என்று கணக்கு. 2010-இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு 50 என்ற அளவில் டீசல் வந்தபோது நாட்டின் பெரும்பகுதி 350-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2017-இல் எல்லா ஊருக்கும் 50 ஆனது. 2020-இலிருந்து 10. உங்கள் பழைய கார் குடித்ததைவிட இப்போதையது எவ்வளவோ சுத்தம். பெட்ரோலில் எத்தனால் கலப்பதைக் கேட்டுப் பலர் டீசலுக்கும் பயப்படுகிறார்கள். இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் சமாச்சாரம்.

டீசலுக்கு மெய்யான எதிரி தண்ணீர். இதை நான் வாயால் சொல்வதைவிட, பட்டு இழையைத் தெரிந்த உங்களிடம் இப்படிச் சொல்கிறேன். கூட்டிலிருந்து வரும் ஒற்றைப் பட்டு இழையின் கனம் பத்துப் பதினைந்து மைக்ரான். நாலைந்தைச் சேர்த்தால்தான் ஒரு தலைமுடி. அந்த ஒற்றை இழையை நீளவாக்கில் நாலாகப் பிளக்க முடிந்தால் எவ்வளவு கிடைக்குமோ, அவ்வளவுதான் இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி. அந்த இடைவெளியில் 1,600 முதல் 2,000 பார் அழுத்தத்தில் டீசல் ஓடுகிறது. பழைய லாரி நாசில் 200 பார் சுமாருக்கே திறந்துகொள்ளும். அதில் தூசி போனாலும் இருமித் துப்பிவிட்டு ஓடும். இதில் ஒரு துளி தண்ணீர் துருவைக் கிளப்பினால் போதும், நாசில் போச்சு, சில சமயம் பம்பும் போச்சு. ஆக உங்கள் தம்பி சொல்வது ஒரு பக்கம் சரி: பழையது பொறுத்துக்கொண்டது. பொறுத்துக்கொண்டதற்கு விலையாக கரும்புகையும் கப்பல் மாதிரி சத்தமும் கொடுத்தது.

மழைக்காலத்தில் இந்தத் தண்ணீர்த் தொல்லை கூடும். ஐப்பசி, கார்த்திகையில் பங்கின் நிலத்தடி டேங்குக்குள் தண்ணீர் கசிய வாய்ப்பு உண்டு. உங்கள் டேங்கே காலியாகக் கிடந்தால் இரவுக் குளிரில் உள்ளே காற்றிலுள்ள ஈரம் வியர்த்து இறங்கும். டீசலில் ஏழு சதவீதம் வரை பயோ டீசல் சேர்க்க விதி அனுமதிக்கிறது, அது ஈரத்தை இன்னும் ஆசையாகப் பிடித்துக்கொள்ளும். எனக்கே நடந்திருக்கிறது. ஒரு கார்த்திகை மாதம், நெடுஞ்சாலையில் ஒரு பங்க், பெயர் வேண்டாம். ராத்திரி டேங்கை நிரப்பிக்கொண்டு வீடு சேர்ந்தேன். காலையில் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கண்ணாடித் தம்ளரில் பிடித்தேன். அரைத் தம்ளர் தண்ணீர், அதற்கு மேல் மஞ்சளாக டீசல் மிதக்கிறது, நடுவில் ஒரு கோடு போட்ட மாதிரி. தம்ளரை அப்படியே அந்தப் பங்குக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பில் சட்டைப் பையிலேயே இருந்ததால் பேச்சு சுருக்கமாக முடிந்தது. அன்றிலிருந்து பில்லை எறிவதில்லை.

நீங்களும் அதையே செய்யலாம். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீசல் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். நல்ல டீசல் தெளிவாக, பளிச்சென்று இருக்கும். கலங்கல் தெரிந்தாலோ அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் தெரிந்தாலோ அந்தப் பங்குக்குப் போகாதீர்கள். பங்கிலேயே அடர்த்தி பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஜாடியில் டீசல் பிடித்து, அடர்த்திமானியும் வெப்பமானியும் விட்டு, 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்குப் போட்டு, லோடு வந்தபோது எழுதிய எண்ணோடு ஒப்பிடவேண்டும். கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஃபில்டர் பேப்பர் கொண்டுவந்து சொட்டு விட்டுக் காட்டினால் ஏமாறாதீர்கள். அது பெட்ரோலுக்கான சோதனை. பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகும், டீசல் எப்படியும் எண்ணெய்க்கறை விடும். லாரி டேங்கர் இறக்கிக்கொண்டிருக்கும் பங்கில் அந்த நேரம் போடவேண்டாம், அடிமண்டி கலங்கியிருக்கும். மழை மாதங்களில் பாதி டேங்குக்குக் கீழே இறக்காதீர்கள். சர்வீஸில் தண்ணீர் வடிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் செய்யமாட்டார்கள். டீசல் ஃபில்டர் மாற்றினால் ஏர் எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும்.

மண்ணெண்ணெய் அரை லிட்டர்? வேண்டவே வேண்டாம். அந்த உயர் அழுத்தப் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசலின் வழவழப்புதான் ஆயில். கந்தகத்தை எடுத்தபோதே கொஞ்சம் வழவழப்பும் போய், அதற்கு ஈடாக மருந்து சேர்த்து அனுப்புகிறார்கள். அதில் போய் வறண்ட மண்ணெண்ணெயை விடுவது, சொரசொரப்பான நாடாவைப் பட்டுப் பாவில் ஓட்டுவது போல. கூடுதல் விலை பிரீமியம் டீசல் கெடுதல் செய்யாது, நாசிலைச் சுத்தமாக வைக்கும். உங்கள் லைட்டை அது அணைக்காது. மனநிறைவுக்குப் போடுவதானால் போடுங்கள்.

வடிகட்டியைக் கழற்றி எறியும் யோசனைக்கு ஒரே பதில்: கூடாது. வண்டியின் அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், சிறையும் இருக்கிறது. அதைவிட, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வண்டி அது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் மற்ற பிள்ளைகளின் மூக்குக்கு நேரே அந்தக் குழாய் இருக்கும்.

பத்து வருஷப் பயம் டெல்லி வட்டாரத்துக்கானது, 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே போட்ட உத்தரவிலிருந்து கிளம்பியது. தமிழ்நாட்டில் உங்கள் சொந்தக் காருக்கு பதினைந்து வருஷம் முடிந்ததும் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். உங்கள் 2021 வண்டிக்கு அது 2036 சமாச்சாரம்.

சரி, செய்யவேண்டியது. கணவரோடு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு அவர் பைக்கில் பிள்ளைகளை விடட்டும். ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை தறிகளுக்கு நீங்கள் காரில் போங்கள், பாவு மூட்டையும் பைக்கில் போல நனையாது. காந்தி ரோடு, சாயப்பட்டறை வேலைகளை வாரம் இரண்டு நாளுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். லைட் எரிய ஆரம்பித்து வண்டியின் இழுவை குறையாமல் இருந்தால், பொன்னேரிக்கரையில் பெங்களூரு சாலையில் ஏறிச் சுங்குவார்சத்திரம் வரை போய்த் திரும்புங்கள். அறுபது எழுபதில், வழக்கத்தைவிட ஒரு கியர் குறைவாக, இன்ஜின் 2,000 சுற்றுக்கு மேல் இருக்கும்படி, இருபது இருபத்தைந்து நிமிஷம். நூறில் பறக்கவேண்டியதில்லை. லைட் மின்னினாலோ, இன்ஜின் லைட்டும் சேர்ந்து எரிந்து பிக்கப் செத்தாலோ இந்த வைத்தியம் கூடாது, நேரே சர்வீஸுக்குத்தான்.

வடிகட்டியில் கரி எரிந்துகொண்டிருக்கும்போது வண்டி சொல்லும். நின்றிருக்கையில் இன்ஜின் கொஞ்சம் வேகமாக உறுமும், ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் சுற்றும், சூடான இரும்பு வாசனை வரும், மைலேஜ் எண் சட்டென்று இறங்கும். வீட்டு வாசலில் இந்த அறிகுறி தெரிந்தால் அணைக்காமல் வெள்ளைகேட் வரை ஒரு நடை போய்வாருங்கள். அந்தச் சமயத்தில் ரோட்டில் அடிபடுவதற்காகப் பரப்பிய எள்ளுத்தாள், உளுந்துச்செடி மேல் வண்டியை ஏற்றாதீர்கள், வைக்கோல் மேல் நிறுத்தவும் வேண்டாம். அடியில் சிக்கிய தாளுக்கு அந்தச் சூடு தீக்குச்சி.

கடை வாசலில் ஏசி போட்டு இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பதும் கரியைத்தான் சேர்க்கும். முகூர்த்த மாதங்களில் வெளியூர் வேன்கள் காந்தி ரோட்டில் மணிக்கணக்காக அப்படி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2019-இல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் முடிந்த கையோடு, வரிசையில் உறுமிக்கொண்டே நின்ற டிராவல்ஸ் வண்டிகள் எங்கள் பட்டறைக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, வடிகட்டி வராத அந்தக் காலத்திலேயே இன்ஜினுக்குள் கரி அப்பிப்போய்.

விற்றுவிடு என்கிறார் உங்கள் தம்பி. மாதம் உங்கள் ஓட்டம் 500 கிலோமீட்டர் சுமார். ஊருக்குள் டீசல் பதினாலு கொடுக்கும், அதே அளவு பெட்ரோல் வண்டி பதினொன்று கொடுக்கும் என்று வைத்தால், இன்றைய விலையில் மாதம் 1,300 ரூபாய் மிச்சம். பதினாலு மாதத்துக்குப் பதினெட்டாயிரம். அதற்கு நீங்கள் 38 ஆயிரம் செலவழித்திருக்கிறீர்கள். ஓட்டத்தை மேலே சொன்னபடி மாற்ற முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல இன்ஜின்தான். முடியாது, பள்ளிக்கூடமும் காந்தி ரோடும்தான் வாழ்க்கை என்றால், விலை இருக்கும்போதே கொடுத்துவிட்டுப் பெட்ரோலில் சின்னதாக ஒன்று வாங்குங்கள். டீசல் இன்ஜின் பாரம் இழுக்கவும் தூரம் போகவும் பிறந்தது, 'குட்டி யானை' லோடு வண்டி ஓட்டுபவரைக் கேளுங்கள்.

நாளைக் காலை ஒரே ஒரு வேலை. சமதளத்தில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவுங்கள், துடையுங்கள் (பனியன் வேஸ்ட் போதும், வீட்டில் கிடக்கும் பட்டுத் துண்டு வேண்டாம்), மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சுங்குவார்சத்திரப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஆயிலை மாற்றுங்கள்.